நின்ற இடமும் நீதியும்

அநீதியைப் பட்டறிந்தவன், அதிகாரம் தன் கைக்கு வந்ததும் நீதியாக நடப்பானா? துன்பமே அறத்தைப் போதிக்கும் சிறந்த ஆசான் என்பது நம்மிற் பலரது நம்பிக்கை. அந்நம்பிக்கையை அமெரிக்க பேஸ்போல் விளையாட்டின் வரலாற்றிற் புகழ்பெற்ற கொனி மக் என்பவரது வாழ்வைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

1862 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த மக், 1886 இல் வாஷிங்டன் கழகத்திற் பிடிப்பாளராகச் சேர்ந்தார். துடுப்பாட்டக்காரரின் பின்னே குந்தியிருந்து எறிபந்தைப் பிடிப்பதே அவரது பணி. அக்காலத்து ஒப்பந்த விதியின்படி, கழகம் விடுவித்தாலன்றி வீரர் வேறிடஞ் செல்ல இயலாது. கழகமோ அவரை விற்கலாம். இதனை எதிர்த்த வீரர்கள் 1890 இல் தமக்கெனத் தனி லீக் ஒன்றை அமைத்தனர். மக்கும் அதிற் சேர்ந்து பஃபலோ அணிக்கு ஆடினார். அம்முயற்சி ஓராண்டுடன் முடிவுற்றது.

1894 இல் பிற்ஸ்பேர்க் அணியில் ஆடிக்கொண்டே அதன் முகாமையாளருமானார். பின்னர் 1901 முதல் 1950 வரை பிலடெல்பியா அத்லெற்றிக்ஸ் அணியை நடத்தினார். அதன் உரிமையிலும் பங்கு பெற்றார். 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி உலகத் தொடரை வென்றது. 1914 இல் பெடரல் லீக் என்ற புதிய அமைப்பு, கூடிய சம்பளங் காட்டி வீரர்களை அழைத்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் நாடிச்சென்ற அதே வாய்ப்பைத் தம் வீரர்கள் நாடியபோது, மக் முதலாளியின் இடத்தில் நின்றார். எடி கொலின்ஸ் என்ற சிறந்த வீரர் 50,000 டொலருக்குச் சிகாகோ கழகத்துக்கு விற்கப்பட்டார். வேறு சிலரும் பிரிந்தனர். 1915 முதல் 1921 வரை அணி கடைசி இடத்திலேயே இருந்தது. 1916 இல் மட்டும் 117 ஆட்டங்களில் தோற்றது.

மக் கொடியவர் அல்லர். வீரர்கள் அவரை 'மிஸ்டர் மக்' என மதிப்புடன் அழைத்தனர். கழகத்தின் வருவாய் கூடிய சம்பளத்தைத் தாங்காது என்ற அவரது நியாயத்தையும் புறக்கணித்தல் தகாது. எனினும் 1890 இன் முதலாளிகளும் அதே நியாயத்தையன்றோ கூறியிருப்பர்!

களத்தில் ஏனையோர் அனைவரும் நோக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நோக்குபவர் பிடிப்பாளர். களம் ஒன்றே, காட்சி வேறு. மக்கின் நெஞ்சம் மாறிற்று என்பதிலும், அவர் நின்ற இடம் மாறிற்று என்பதே பொருந்தும். துன்பத்தின் நினைவு இரக்கத்தைத் தரலாம். நீதிக்கு அதுமட்டும் பிணையாகாது.

அப்பழைய விதி 1975 இல் வலுவிழந்தது. அதனை வீழ்த்தியது உரிமையாளர் எவரதும் மனச்சாட்சி அன்று; வீரர் சங்கம் கொண்டுசென்ற வழக்கில் நடுத்தீர்ப்பாளர் வழங்கிய தீர்ப்பே. ஆதலின், மேலே நிற்பவரது நற்குணத்தை நம்பியிருப்பதினும், கீழே நிற்பவரது குரலுக்கும் இடமளிக்கும் விதியை ஆக்குவதே அறத்தின்பாற்படும். இன்று கீழே நிற்கும் நாம், நாளை மேலே ஏறுமுன் இதனை உணர்தல் வேண்டும்.