கர்ணனுக்கு அழுதவர்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானோபதேச வகுப்பு முடிந்தபின், மேல்வகுப்பில் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்து, "சாமி, சினேப் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டாள். சினேப் யார் என்று உங்களில் பெரியவர்கள் பலருக்குத் தெரியாதிருக்கலாம். ஹாரி பாட்டர் என்னும் மந்திரவாதக் கதையில் வருகிற ஓர் ஆசிரியர் அவர். வாலிபத்தில் மகா தீயவன் ஒருவனுக்கு ஊழியம் செய்தார். அவனிடம் அவர் கொண்டுபோய்ச் சொன்ன ஒரு சேதியால் ஒரு குடும்பம் அழிந்தது. பின்பு மனம் நொந்து, ஒருவருக்கும் தெரியாமல் நல்லவர்கள் பக்கம் நின்று உயிரையே கொடுத்தார். ஆனால் அத்தனை வருஷமும் வகுப்பிலே சிறு பிள்ளைகளை வார்த்தையால் வதைத்துக்கொண்டும் இருந்தார். 2007-ல் வந்த கடைசிப் புத்தகத்தில்தான் அவருடைய இரகசியம் வெளிப்படுகிறது. இப்படிப்பட்டவரை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா என்று அந்தப் பெண்ணின் வகுப்பில் இரண்டு கட்சியாம்.

"கதைதானே அம்மா, போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குருவானவர் சொல்லத்தக்க பதில் அல்ல அது. அடுத்த வாரமே அதற்காக நான் வெட்கப்படும்படி ஒரு காரியம் நம்மிடையே நடந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

மாயாஜாலக் கதை சீமையிலிருந்து வந்தது என்று நினைக்கவேண்டாம். நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்குகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டாலும், வளையமாதேவி முதலான சுற்றூர்களில் பிறந்தவர்களுக்கு நன்றாய்த் தெரியும். பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவின் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவென்றால் பல நாள் பாரதப் பிரசங்கமும் இராத்திரி முழுதும் கூத்தும் நடக்கும். நம்முடைய வேதத்தைச் சேர்ந்தவர்களிலும் சிறு வயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு கூத்துப் பார்க்கப் போகாதவர்கள் எத்தனை பேர்? நானும் என் தாயாருக்குத் தெரியாமல் போனவன்தான்.

அந்தக் கூத்துகளில் 'கர்ண மோட்சம்' என்று ஒன்று உண்டு. சாவு விழுந்த வீட்டாரும் கருமாதியை ஒட்டி அதை ஆடச் சொல்வது வழக்கம். அம்பு தைத்துத் தேர்க்காலருகில் கிடக்கிற கர்ணனிடம் கண்ணன் கிழப் பிராமணனாய் வந்து யாசிக்கிறான். தன்னிடம் மிஞ்சியிருப்பது தான் செய்த புண்ணியம் மாத்திரமே என்று கண்டு, கர்ணன் அதையும் தன் இரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறான். அங்கே அழாத கண் கிடையாது. 1964-ல் 'கர்ணன்' படம் வந்தபோது அழுதவர்களின் பேரப்பிள்ளைகள், 2012-ல் அதே படம் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்கள்.

ஆனால் கர்ணன் செய்தது என்ன? சபையிலே இழுத்துவரப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, வாயில் வரத்தகாத வார்த்தையைச் சொன்னவர்களில் அவனும் ஒருவன். அவளுடைய ஆடையைக் களையச் சொன்னவனும் அவனே என்று வியாசர் எழுதுகிறார். கொடை கொடுத்தான் என்பதனால் இது இல்லாமற்போகுமா? தராசின் ஒரு தட்டில் தானத்தையும் மறு தட்டில் பாவத்தையும் வைத்து, எது கனம் என்று பார்க்கிற கணக்கு வியாபாரிக்குச் சரி, ஆத்துமத்துக்குச் சரிவராது. பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டவன் பதினோராவது ஏழையை அடித்தால், அந்தப் பதினோராமவனுக்கு முந்தின பத்துச் சோற்றால் என்ன ஆறுதல்?

கர்ணனிடத்தில் என் மனதைத் தொடுவது அந்தத் தானமல்ல. யுத்தத்துக்கு முன், கண்ணன் தூது வந்து திரும்புகையில், இருவரும் தனியே பேசுகிற இடம் ஒன்று வியாச பாரதத்தில் இருக்கிறது. துரியோதனனைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னேன், அதை நினைத்து இப்போது வேதனைப்படுகிறேன் என்று அங்கே கர்ணன் ஒப்புக்கொள்கிறான். கூத்திலே ஒருவரும் இந்த இடத்துக்கு அழுது நான் பார்த்ததில்லை. ஆனாலும் தன் குற்றத்தைத் தன் வாயால், இன்ன காரணத்துக்காகச் செய்தேன் என்ற அசிங்கமான காரணத்தோடுகூட, அவன் சொல்வது அங்கேதான். அதிலும் ஒரு குறை உண்டு. பாண்டவரைச் சொன்னதற்கு வருந்தினானேயொழிய, திரௌபதியின் பேரை எடுக்கவில்லை. அவள் முன் போய் நிற்கவும் இல்லை.

கல்வாரி மலையில் சேசுநாதர் சுவாமிக்கு வலப்புறம் தொங்கிய நல்ல கள்ளனை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு புண்ணியமும் செய்ததாகச் சுவிசேஷத்தில் இல்லை. கையும் காலும் சிலுவையில் இருக்க என்ன செய்யமுடியும்? செய்ததற்குத் தக்கதை அனுபவிக்கிறோம் என்று மெய்யைச் சொன்னான். தன்னை நினைத்துக்கொள்ளும்படி மன்றாடினான். அவ்வளவுதான். பெரிய வீரச் செயல் ஒன்றைச் செய்து, கடைசி நிமிஷத்தில் மாண்டுபோய், எல்லாம் கழுவப்பட்டவர்களாக எத்தனையோ பேர் சினிமாவில் வருகிறார்கள். அந்தச் செயலை நான் இழிவாய்ச் சொல்லவில்லை. ஆனால் 'நான் செய்தேன்' என்கிற சொல் அதற்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லாவிட்டால், வீரன் செத்தான் என்பேன். திருந்தினான் என்று சொல்லத் தயங்குவேன். துரியோதனன் காரியமும் அப்படியே. தருமன் மோட்சத்துக்குப் போய்ப் பார்த்தால், துரியோதனன் அங்கே மகிமையாய் உட்கார்ந்திருக்கிறான், தருமனுக்குப் பொறுக்கவில்லை. போர்க்களத்தில் அஞ்சாமல் மாண்டதற்கு அவனுக்குக் கிடைத்த கூலி அது. கூலி வேறு, பாவப் பொறுத்தல் வேறு.

இன்னொரு கேள்வியையும் சிலர் கேட்பார்கள். கதைகளில் வருகிற அரக்கர்கள் பிறவியிலேயே கெட்டவர்களாயிற்றே, அவர்களுக்கு மீட்பு உண்டா? விழுந்தவன்தானே எழும்ப முடியும்? ஒருபோதும் நிற்காதவனை விழுந்தவன் என்று சொல்ல முடியாது. சர்வேசுரன் படைத்தது எதுவும் சுபாவத்திலே தீயதல்ல என்பது நம்முடைய விசுவாசம். பசாசுகளும் நல்ல சம்மனசுகளாய்ப் படைக்கப்பட்டுத் தங்கள் மனதாலே கெட்டவை. சம்மனசின் மனம் ஒருமுறை தேர்ந்துகொண்டதை மாற்றாது, மனிதனோ சரீரத்தில் இருக்குமட்டும் திரும்பக்கூடியவன் என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் விளக்குகிறார். டோல்கியன் என்னும் ஆங்கிலேயக் கதாசிரியரை இந்தக் கேள்வி நெடுநாள் வருத்தியது. அவர் கத்தோலிக்கர். அவருடைய தாயார் 1900-ல் திருச்சபையில் சேர்ந்து, நான்கு வருஷத்தில் இறந்துபோக, ஒரு குருவானவர் அவரைப் பொறுப்பேற்று வளர்த்தார். தம் கதையில் 'ஓர்க்' என்னும் கொடிய கூட்டத்தை உண்டாக்கிவிட்டு, தீமையால் எதையும் படைக்கமுடியாதே, கெடுக்கத்தானே முடியும், அப்படியானால் இவர்களுக்கு மீட்பே இல்லையென்று எப்படிச் சொல்வது என்று எழுதியும் திருத்தியும் பார்த்தார். 1973-ல் இறக்கும்வரை அவருக்கு முடிவு அகப்படவில்லை. அகப்படாததற்காக நான் அவரை மதிக்கிறேன்.

இப்போது நம்முடைய காரியம்.

சுற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒரு குடும்பஸ்தர். பேரும் ஊரும் வேண்டாம். இங்கே எழுதுவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, பலர் முன்னிலையில் நடந்தது; எழுதலாம் என்று அவரும் சம்மதித்தார். வளையமாதேவியில் 2023-ம் வருஷம் ஜூலை மாதம், பயிர் நின்ற வயலிலே வாய்க்கால் வெட்ட இயந்திரம் இறங்கினதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முன்னும் பின்னும், நிலத்துக்கு வந்த பணம் எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்ததைவிடப் பிரித்து வைத்ததே அதிகம். இந்த மனிதர் அந்தப் பணத்தோடும், வீட்டிலிருந்த நெல்லை விற்ற காசோடும் போய்விட்டார். எல்லாம் குடித்துத் தீர்ந்தது. இந்த வருஷம் திரும்பி வந்தார். வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் ஒரு மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டு, ஞாயிறு பூசைக்குத் தீர்த்தத் தொட்டியருகே கடைசியில் நிற்பார். ஒரு நாள் ஜெபக்கூட்டத்தில், மன்றாட்டு முடிந்த சமயம், எழுந்து நின்று, "நான் செஞ்சது பெரிய தப்பு. பொண்டாட்டி புள்ளைங்கள..." என்று ஆரம்பித்தார்.

நம்மில் ஒருவர், திருநாளில் சப்பரம் தூக்குகிறவர், ஒருவருக்கும் கெடுதல் நினையாதவர், உட்கார்ந்தபடியே, "என்னடா தம்பி, கையில பணம் தீந்துபோச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனிதர் மேலே ஒன்றும் பேசாமல், துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குருமடத்தில் வாசித்த டோல்கியன் கதையின் ஓரிடம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெரிய கதை 1954-லும் 1955-லும் வெளிவந்தது. அதில் கொல்லும் என்றொரு ஈனப் பிராணி. ஒரு மோதிரத்தின் மேலுள்ள ஆசையினால் தன் சிநேகிதனைக் கொன்று, நூற்றாண்டுக் கணக்காய் இருட்டில் கிடந்து, மனித சாயலே போனவன். அவன் பிரோடோ என்ற நல்லவனுக்கு வழிகாட்டியாய் வருகிறான். வழியிலேயே அவனைக் காட்டிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்துவிடுகிறான். அப்படிச் செய்துவிட்டுத் திரும்பி வரும்போது, களைத்துப்போன பிரோடோ, தன் வேலைக்காரன் சாமின் மடியில் தலைவைத்து உறங்குவதைக் காண்கிறான். அவனுக்குள் ஏதோ இளகுகிறது. கையை நீட்டி, பயந்து பயந்து பிரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த ஒரு கணம் அவன் பிராணியல்ல. எல்லாரையும் இழந்துபோன ஒரு கிழவன். அப்போது சாம் விழித்துக்கொண்டு அவனை அதட்டிக் கள்ளன் என்கிறான். அவ்வளவுதான், கணம் போயிற்று. கொல்லும் பழையபடி துரோகத்துக்கே போகிறான். கதை முழுதிலும் மகா துக்கமான இடம் ஒருவேளை இதுவே என்று 1963-ல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கியன் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள்: சாம் கெட்டவன் அல்ல. அந்தக் கதையிலே அவனைவிட நேர்மையுள்ளவன் கிடையாது. எஜமான் மேலுள்ள அன்பினாலேதான் அதட்டினான். பல காலம் பார்த்துப் பழகின கள்ளமுகம் மாறியிருந்ததை அவன் பார்க்கவில்லை.

ஆகவே, 'கெட்டுப்போன ஒருவன் திருந்தமுடியுமா?' என்று கேட்கும்போது, அவனைப்பற்றி மாத்திரம் நாம் கேட்கவில்லை. தேவ இஷ்டப்பிரசாதம் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை, மெய்தான். ஆனாலும் பாதிவழி வந்தவனை ஒரு சிரிப்பினால் திருப்பி அனுப்ப நம்மால் முடியும்.

மறுநாள் நான் அந்த மனிதருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். சமாதானம் பண்ணிவைக்கலாம் என்று எண்ணம். கர்ணன், ஊதாரிப் பிள்ளை என்று ஏதேதோ சொன்னேன். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சாமி, கர்ண மோட்சம் பாக்கும்போது நானும் அழுதவதான். ஆனா கர்ணன் என் வூட்டு நெல்ல விக்கல. எம் புள்ள பள்ளிக்கூடத்துப் பணத்த எடுத்துக் குடிக்கல" என்றார்.

நான் குருமடத்தில் இத்தனை வருஷம் படித்ததில் இதற்குப் பதில் இல்லை. கதையில் வருகிறவனுக்கு நாம் சுலபமாய் மன்னிப்பு வழங்குவது, அவன் நமக்கு ஒன்றும் செய்யாததனால். கர்ணனை மன்னிக்கிற உரிமை கொட்டகையிலே உட்கார்ந்திருக்கிற நமக்கு இல்லை, திரௌபதிக்கே உண்டு. பதினெட்டாம் போர் முடிகிற படுகளத்தில், தரையிலே மண்ணால் பெரிதாய்ச் செய்த துரியோதனன் விழுந்த பிறகுதான் அவள் கூந்தலை முடிகிறாள். சீக்கிரம் முடி என்று அவளை நெருக்க ஒருவரும் துணிவதில்லை. அதன்பின் நடப்பது ஒன்றுண்டு. அந்தத் துரியோதனன் உடம்பிலிருந்து ஜனங்கள் பிடி மண் எடுத்து, வீட்டுக்கும் வயலுக்கும் நல்லதென்று மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். வேத முறைப்படி அதை நான் ஆமோதிக்கவில்லை. ஆனாலும் சிறு வயதில் அதைப் பார்த்தபோது, எல்லாராலும் வெறுக்கப்பட்டவனை ஏன் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்று வெகுநேரம் யோசித்தது உண்டு.

சி. எஸ். லூயிஸ் 1950-ல் சிறுவர்களுக்கு எழுதிய ஒரு கதையில், எட்மண்ட் என்ற பையன் மிட்டாய்க்கு ஆசைப்பட்டுத் தன் கூடப்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். மீட்கப்பட்டு வந்தபின் சிங்கராஜா அவனோடு தனியே நடந்து பேசுகிறது. என்ன பேசிற்று என்று கதாசிரியர் நமக்குச் சொல்லுவதில்லை. பிறகு நடந்ததைப்பற்றி அவனிடம் இனிப் பேசவேண்டாம் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறது. அவனோ ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து மன்னிப்புக் கேட்கிறான். இரண்டும் நடக்கவேண்டியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களில் கடைசியாக அபராதம் தீர்ப்பதைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள் அல்லவா? சினேப்பைப்பற்றிக் கேட்ட பெண்ணுக்கு நான் சொல்லவேண்டியிருந்தது இதுதான்: அவர் திரும்பினார், மெய்தான், ஆனால் தம்மால் வகுப்பில் அழுத பிள்ளைகளிடம் அவர் போகவே இல்லை. உங்கள் இரண்டு கட்சியும் அந்த மட்டும் சரி.

சப்பரம் தூக்குகிறவர் நான் சொல்லாமலே மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் நானும் போய் என் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் இப்போது ஒரு செங்கல் சூளையில் வேலைக்குப் போகிறார்.

அவருடைய மனைவி இன்னும் அவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. சேர்க்கும்படி நான் இனிச் சொல்லப்போவதுமில்லை. ஆனால் தபசுகாலம் முதற்கொண்டு சின்னப் பையன் கையில் இரவுச் சோறு தூக்குப் பாத்திரத்தில் போகிறது. காலையில் அது கழுவித் திரும்பி வருகிறது. போன சனிக்கிழமை பாத்திரத்துக்குள் காகிதத்தில் மடித்து ஒரு வாரக் கூலி இருந்ததாம். அதை மாடத்தில், தேவமாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். இன்னும் பிரித்து எண்ணவில்லை என்றார்.