மாகாணி போன பிறகு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளை ஒன்று, இரண்டு என்று மேலே ஏறியதோடு நிற்கவில்லை. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று கீழேயும் இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை போனான். இருபதில் ஒன்றான மாவையும் எண்பதில் ஒன்றான காணியையும் கூட்டினால் பதினாறில் ஒன்றான மாகாணி; பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் இருக்கிறது. இன்று பின்னத்தைக் கண்டால் மிரளும் பிள்ளைகளைப் பார்த்து, அந்தக் காலத்து மனப்பாடமே சரி என்கிறார்கள் சிலர். புரியாமல் உருப்போட்டது கல்வியா என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இந்த வழக்கில் இரண்டு தரப்புமே அளவையை மறந்துவிடுகின்றன. அந்தப் பின்னங்கள் ஏட்டுக்கு வெளியேயும் உயிரோடு இருந்தன. ஒரு படிக்கு 2 உரி, 4 உழக்கு, 8 ஆழாக்கு. ரூபாய்க்கு 16 அணா என்பதால் அரைக்கால் ரூபாய் 2 அணா, மாகாணி ரூபாய் ஓரணா. காலையில் வாயில் ஏறியதை மாலையில் களத்திலும் கடையிலும் பார்க்க முடிந்தது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது; லிட்டரும் கிலோவும் தொடர்ந்து வந்தன. நல்ல மாற்றம்தான், பத்துப் பத்தாகப் பெருக்குவது எல்லோருக்கும் எளிது. முந்திரி வாய்ப்பாடு போனதற்கு வருந்த வேண்டியதில்லை. ஆனால் எண்ணைப் பொருளோடு கட்டியிருந்த கயிறும் கூடவே அறுந்தது. அதை மறுபடி முடிய யாரும் மெனக்கெடவில்லை. செயல்வழிக் கற்றலும், 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளின் கையில் அட்டையையும் மணியையும் கொடுத்தன. அதை மனதார வரவேற்கிறேன். ஆனாலும் மணி வகுப்பறைப் பொருளாகவே நின்றுவிடுகிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பல பொருள்களின் விலையை மனக்கணக்காகச் சரியாகச் சொன்ன பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரு பக்கமும் அறிவு இருக்கிறது, நடுவே பாலம்தான் இல்லை.

கைப்பேசியே கணக்குப் போடுகிறதே என்பார்கள். கேட்டதைத்தான் அது போடும். ‘இரண்டு வட்டி’ என்று காதில் விழும்போது, நூற்றுக்கு மாதம் 2, ஆண்டுக்கு 24 என்று உள்ளே உறைக்க வேண்டும். உறைக்காதவர் கைப்பேசியை எடுக்கவே மாட்டார்.

இன்னொரு மறுப்பு கனமானது: இப்படிச் சொல்லிக்கொடுத்தால் கணிதம் கடைக்கணக்காகச் சுருங்கிவிடாதா? திண்ணைப் பள்ளி அப்படித்தான் இருந்தது. கணக்குப்பிள்ளை வேலைக்கு ஆள் தயாரித்தது. தலித் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறக்கவில்லை, பெண்களில் மிகச் சிலரே உள்ளே போனார்கள். இயற்கணிதமும் வடிவியலும் எல்லோருக்கும் என்று சொன்னது பொதுப்பள்ளிதான். அதில் ஓரடிகூடப் பின்வாங்கக் கூடாது. ஆனால் அறுத்தவருடைய கூலியை மரக்காலில் அளந்த கை வேறொருவருடையது என்பதும் நினைவில் இருக்கட்டும். அளவு தெரியாததன் இழப்பை அதிகம் சுமந்தவர்கள், பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக்கும் மின்கட்டணக் கணக்கு வருகிறது. முதலில் சில யூனிட் இலவசம், அதற்கு மேல் படிக்குப் படி வேறு விலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூட்டலையும் கழித்தலையும் பெருக்கலையும் அதில் போட்டுப் பார்க்கலாம். வந்த தொகை சரியா என்று அம்மாவுக்குச் சொல்லலாம்.