தவறிய வேளை

இரவு எட்டு மணி. கல்லூரி விடுதி மெஸ்ஸில் தோசைக்கு வரிசை நிற்கிறது. சட்டைப் பையில் செல்போன் அதிர, அலாரத்தை அணைத்துவிட்டு, "ரூமுக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று இருந்துவிடுகிறான் பத்தொன்பது வயது மாணவன். ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து அழைப்பு. "மாத்திரை போட்டாச்சாப்பா?" "போட்டாச்சும்மா." அவன் அடிவயிற்றில் அம்மாவின் சிறுநீரகம் ஒரு வலியும் காட்டாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பொய் பல வீடுகளில் உண்டு. அது ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் வெளிப்படும்போது, முதலில் வந்து விழும் சொல் "நன்றிகெட்டவன்". தன் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் காக்கத் தெரியாதவன் என்ற பழி. ஒரு வேளை மாத்திரையை மறப்பது நன்றி கொன்ற பாவம்தானா?

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே நடத்திய முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றத்தில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். அதனால் உடல் அதை அந்நியம் என்று எதிர்க்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தாய் கொடுத்ததாகவே இருந்தாலும், எதிர்ப்புச் சக்தி அதை வெளியாள் என்றுதான் பார்க்கும். அதை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள், பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் இயங்கும் காலம்வரை. 17 முதல் 24 வயதுவரைதான் மாற்றுச் சிறுநீரகத்தை இழக்கும் ஆபத்து மிக அதிகம். குழந்தைகள் மருத்துவரை விட்டுப் பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதும், வீட்டை விட்டு விடுதிக்குப் போவதும் அந்த வயதில்தான். கூடவே தரும் ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கிறது. டாக்ரோலிமஸ் சிலருக்குக் கை நடுக்கம் தருகிறது. இதெல்லாம் கண்ணாடியில் தெரியும். சிறுநீரகம் கெடுவதோ தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும்போது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும்.

கொடுப்பவரைப் போற்றுவதில் நம் மரபு குறை வைத்ததில்லை. புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த சிபியும், கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரும் நம் நினைவில் இருக்கிறார்கள். உறுப்பு தானம் செய்து இறந்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. மிகச் சரியான செயல். பெற்றுக்கொண்டவருக்கு மட்டும் "நன்றி" என்ற ஒரே சொல்தான் கையில் இருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தை எதைக் கொண்டு திருப்பித் தருவது? இந்தச் சிக்கலைத்தான் ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேஸி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் "கொடையின் கொடுங்கோன்மை" என்றார்கள். மாத்திரையைக் கடனின் தவணையாக்கிவிட்டால், தவணை தவறியவன் கடன்காரரைக் கண்டு ஒளியத்தான் செய்வான். அம்மாவிடம் பொய் சொல்வான்; டாக்டரிடமும் சொல்வான். உயிருக்கு உலை வைப்பது அந்த ஒளிவுதான்.

"நன்றி"யைவிடப் பொருத்தமான சொல், வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சையில் இருக்கிறது: நித்திய கருமம். அன்றாடம் செய்ய வேண்டியது. செய்தால் தனிப் புண்ணியம் இல்லை, விட்டால் குற்றம் சேரும் என்பார்கள். மாத்திரையின் இயல்பை அப்படியே சொன்னதுபோல இருக்கிறது. போட்ட நாளில் எதுவும் நடக்காது. நடக்காமல் இருப்பதே அதன் பலன். ஆனால் அன்றாடக் கடமையை விதித்த மரபுகள், மனிதன் மறப்பான் என்பதையும் அறிந்திருந்தன. சந்தியாவந்தனத்தில் காலம் தவறியதற்கென்றே பிராயச்சித்தமாக நீர் வார்க்கும் அர்க்கியம் உண்டு. தூக்கத்தாலோ மறதியாலோ தொழுகை தவறினால், நினைவு வந்ததும் தொழும்படி நபிமொழி சொல்கிறது. களா என்பது அதுதான். தவறியவனை வெளியே தள்ளாமல், திரும்பி வரும் வழியையும் விதிக்குள்ளேயே வைத்தார்கள். மருத்துவமனையும் வீடும் கற்க வேண்டியது இதைத்தான்.

கற்றால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் எட்டு மையங்களில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற, 11 முதல் 24 வயதுள்ள 169 பேரிடம் நடந்த டேக்-இட் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் செல்போன் நினைவூட்டல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளர் ஒருவர் உட்கார்ந்து, எது தடையாக இருக்கிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று அவர்களோடு சேர்ந்தே யோசித்தார். திறப்பதைப் பதிவுசெய்யும் மின்னணு மாத்திரைப் பெட்டியே அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் போட்டதைக் காட்டியது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "ஏன் போடல?" என்பதை விட்டு, "எந்த வேளை தவறுது?" என்று கேளுங்கள். எட்டு மணிக்கு மெஸ் வரிசை என்றால், ஏழுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடாமல், உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் போனை அவன் பயமில்லாமல் செய்யும்படி வீடு இருக்கட்டும்.