விளக்கின் வெப்பம் யார் கணக்கில்?

போர்ட் பிளேரில் ஆண்டு முழுக்கப் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும்; காற்றில் ஈரமும் குறையாது. 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்த ஊரில், வீட்டுக் கூடத்து மீன்தொட்டியின் மேல் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் இரண்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? தொட்டி நீர் சூடாகும், கூடம் புழுங்கும், ஏசி ஓயாமல் ஓடும். வீட்டுக்காரர் இதை மின்கட்டணச் சிக்கலாகத்தான் பார்ப்பார். உண்மையில் இது அறம் சார்ந்த கேள்வி. தமிழ் மண்ணில் சமணரும் பௌத்தரும் இதே கேள்வியை வேறொரு பொருளை வைத்து வாதாடியிருக்கிறார்கள்.

முதலில் வெப்பத்தின் வழியைப் பார்க்க வேண்டும். விளக்கு உண்ணும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகிறது. வெளிச்சமாக வெளிப்படும் பங்குகூட நீரிலும் மணலிலும் சுவரிலும் பட்டுச் சூடாகவே முடிகிறது. ஒரு டன் ஏசி நீக்கக்கூடிய வெப்பம் சுமார் 3.5 கிலோவாட்; அதில் ஏழில் ஒரு பங்கை இந்த இரண்டு விளக்குகளே பிடித்துக்கொள்கின்றன. சில்லர் வாங்கினால் தொட்டி குளிரும், ஆனால் அது உறிஞ்சிய வெப்பத்தைத் தன் மோட்டாரின் சூட்டையும் சேர்த்து அதே அறையில் கொட்டும். நீர்ப்பரப்பில் விசிறி வைக்கலாம். நீர் ஆவியாகும்போது தொட்டியின் சூடு தணியும். அந்த ஆவியை ஏசி மறுபடி நீராக்கி வெளியேற்றும்போது தணிந்த சூடெல்லாம் ஏசியின் தலையில் ஏறும். அந்தமானின் ஈரக் காற்றில் விசிறியின் பலனும் குறைவு. மீனிடமிருந்து விலக்கிய வெப்பம் அறைக்கும், அறையிலிருந்து விலக்கியது தெருவுக்கும் போகிறது, எங்கேயும் அழிவதில்லை.

தெருவோடும் கணக்கு முடியாது. அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. டிக்லிபூரில் 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையம் உண்டு, போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் வந்துவிட்டது. ஆனாலும் கப்பலில் வரும் டீசல்தான் தீவுகளின் முதுகெலும்பு. அந்த இரண்டு விளக்குகள் எட்டு மணி நேரம் எரிய நான்கு யூனிட். அவற்றின் சூட்டை வெளியேற்ற ஏசிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை முதல் நான்கு யூனிட் கிடைக்கும் என்று கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் இந்தத் தொட்டிக்காக எரிகிறது. அதன் புகை சேரும் வானத்துக்குக் கீழேதான் அந்தமான் கடலும் இருக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கடல் அளவுக்கு மீறிச் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் உடலில் வாழும் பாசிகளை உதறிவிடும். பவளத்தின் உணவில் பெரும்பங்கு அந்தப் பாசிகள் தருவதுதான்.

"நான் கடலைச் சுடவில்லையே, விளக்கைத்தானே போட்டேன்" என்று வீட்டுக்காரர் சொல்லலாம். நீலகேசி என்னும் தமிழ்ச் சமணக் காப்பியத்தில் சமணப் பெண் பௌத்தர்களோடு நடத்தும் வாதங்களில் இதற்கு உறவான ஒன்று புலால் பற்றியது. தானே கொல்லாமல் விலைக்கு வாங்கி உண்பவனுக்குக் கொலையில் பங்கு உண்டா? எண்ணமே வினை என்பது பௌத்தர் நிலை. சமணமோ செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போய், கவனமின்மையால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்று வரையறுக்கிறது. கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பார்க்க வேண்டியதைப் பாராமல் இருந்தாலே போதும். மின்கம்பி கண்ணுக்கெட்டாத தூரத்துப் புகையையும் வீட்டுக் கூடத்தையும் இணைத்துவிட்ட இந்தக் காலத்துக்கு, பௌத்தரின் விடையைவிடச் சமணரின் விடையே பொருந்துகிறது.

இதற்காக மீன் வளர்ப்பதே பாவம் என்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. மீன் வளர்க்கும் வீட்டில் பிள்ளைகள் ஓர் உயிரின் பசியையும் நோயையும் தினமும் பார்த்து வளர்கிறார்கள். அந்தப் பயிற்சி சிறியதல்ல. கேட்க வேண்டியது, அந்த வெளிச்சம் யாருக்கு என்பது. அவ்வளவு கடுமையான ஒளி தேவைப்படுவது பவளத்துக்கும் சில நீர்ச்செடிகளுக்கும்தான். பாறை கட்டும் பவளங்கள் 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அந்தமான் கடலிலிருந்து அவற்றை எடுத்து வீட்டில் வைப்பது குற்றம். மீன் மட்டுமே உள்ள தொட்டியில் 500 வாட் எரிவது பார்ப்பவர் கண்ணுக்காகத்தான். பகலா இரவா என்று தெரிகிற அளவு வெளிச்சமே மீனுக்குப் போதும். ஓயாத பேரொளியில் அது ஒளிய இடம் தேடும்.

போர்ட் பிளேரில் உள்ள சமுத்ரிகா கடற்படை அருங்காட்சியகத்தின் மீன் தொட்டிகளை வேறாகவே எண்ண வேண்டும். அங்கே எரியும் விளக்கின் சுமையை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரின் அறிவும் பங்கிட்டுக்கொள்கிறது. ஒரு குடும்பத்தின் மாலைநேர அழகுக்காக எரிவதற்கு அந்த நியாயம் கிடையாது.

தமிழருக்கு மீனோடு இன்னொரு பழைய உறவும் உண்டு. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து பொரி தூவுகிறவர் மீனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, அது இருக்கும் இடத்துக்குத் தானே போகிறார். அந்தமானின் வண்டூர் கடல்சார் தேசியப் பூங்காவில் கண்ணாடி அடிப்படகில் ஏறிப் பவளம் பார்க்கும் பயணியும் அப்படித்தான். ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கிறார்கள், மூடிய தீவின் பவளம் மனிதக் கால்களிலிருந்து சற்று ஓய்வெடுக்கட்டும் என்று.

வீட்டிலேயே மீன் வேண்டும் என்பவர் மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே அறத்தையும் தேர்ந்துவிடுகிறார். கப்பி, மோலி போன்றவை அந்தமானின் அறை வெப்பத்திலேயே நலமாக வாழும்; ஹீட்டரும் சில்லரும் வேண்டாம். சிறு தொட்டிக்குப் பத்து வாட் எல்.இ.டி. விளக்கு, அதுவும் மாலையில் சில மணி நேரம் போதும். தொட்டியைக் குளிரூட்டிய அறையில் வைக்காமல் வெயில் நேரே படாத தாழ்வாரத்தில் வைத்தால், அதன் சூட்டை வெளியேற்ற எங்கேயும் ஓர் இயந்திரம் ஓட வேண்டியிராது.