செய்யாமை ஒரு செயலா?

அமெரிக்காவின் வடபகுதியில், பெரிய ஏரிகளை ஒட்டிய மாநிலங்களில், அக்டோபர் மாதம் முடியும் தறுவாயில் பல வீடுகளின் வாசலில் ஒரு சிறிய காட்சியைக் காணலாம். கோடை முழுவதும் படகு ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் சென்ற காரின் பின்புறம் ஒருவர் மண்டியிட்டு அமர்ந்திருப்பார். காரின் அடிச்சட்டத்தோடு இணைந்த, இரண்டு அங்குல அகலமுள்ள சதுர இரும்புக் குழல் அங்கே இருக்கும். அதனுள் ஒரு தண்டு செருகப்பட்டிருக்கும். தண்டின் நுனியில் உருண்டையான ஓர் இரும்புக் குமிழ். டிரெய்லரின் முனை அந்தக் குமிழின்மேல்தான் கவிந்து அமரும். இதுவே டிரெய்லர் கொக்கி. அவர் குறுக்கே மாட்டியிருக்கும் ஆணியை உருவுவார். தண்டை வெளியே இழுத்துக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார். துடைத்துச் சிறிது கிரீஸ் தடவி உலர்ந்த இடத்தில் வைப்பார். குழலின் வாயை ரப்பர் மூடியால் அடைப்பார். பத்து நிமிட வேலை. அடுத்த ஏப்ரல் வரை அந்தக் கொக்கிக்கு வேலை இல்லை.

வேலை இல்லாத ஒரு பொருளுக்காக இத்தனை வேலை ஏன்?

குளிர்காலத்தில் அங்குள்ள சாலைகளில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். நாடு முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். கார் தொழிலுக்குப் பெயர் பெற்ற டெட்ராய்ட் நகரின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, 1910-ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. காரைச் செய்யும் ஊரின் காலடியிலேயே காரை அரிக்கும் பொருளும் குவிந்து கிடப்பதை இயற்கையின் நகைச்சுவை என்றுதான் கொள்ள வேண்டும். சக்கரங்கள் வாரி இறைக்கும் உப்புநீர், தண்டுக்கும் குழலுக்கும் நடுவேயுள்ள குறுகிய இடுக்கில் புகுந்துவிடும். வெளிப்பரப்பில் பட்ட நீர் காற்றில் உலர்ந்துவிடும். இடுக்கில் புகுந்தது எளிதில் உலராது. அங்கே துரு உண்டாகும். தான் தோன்றிய இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே இடுக்கு நிரம்பித் தண்டும் குழலும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். சில குளிர்காலங்கள் இப்படியே கழிந்தால், பிறகு அந்தத் தண்டைச் சம்மட்டியைக் கொண்டும் நெருப்பைக் கொண்டும்தான் பிரிக்க முயல வேண்டும். அதன் பிறகும் அது வராமல் போவதுண்டு.

உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பொருளைத் தமிழர் பற்றாசு என்றனர். பற்று என்னும் சொல் அதற்குள்ளேயே அமைந்திருக்கிறது. பொருந்தியிருப்பது வேறு, பற்றியிருப்பது வேறு. பொருந்தியிருப்பதை வேண்டியபோது செருகலாம், வேண்டாதபோது எடுக்கலாம். பற்றிவிட்டதையோ உடைத்துத்தான் எடுக்க முடியும். இடுக்கில் வளரும் துரு யாரும் காய்ச்சி ஊற்றாத ஒரு பற்றாசு.

இந்தப் பத்து நிமிட வேலைக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. அதன் பயனை யாருக்கும் காட்ட முடியாது. சமைத்தவர் உணவைக் காட்டலாம். வீடு கட்டியவர் வீட்டைக் காட்டலாம். கொக்கியைக் கழற்றி வைத்தவர் எதைக் காட்டுவார்? ஏதோ ஒன்று நிகழவில்லை என்பதே அவருடைய வெற்றி. முதல் ஆண்டில் அண்டை வீட்டுக்காரர் தமது கொக்கியைக் கழற்றவே இல்லை. வசந்த காலத்தில் இரண்டு கார்களும் ஒன்றுபோலவே ஓடுகின்றன. வீண் வேலை செய்தவர் யார் என்று கேட்டால், கழற்றி வைத்தவரைத்தான் ஊரார் சுட்டிக்காட்டுவார்கள்.

'இல்லாமை' என்பதை நம் தரிசனங்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. நியாய வைசேஷிகர்கள் அதை நான்காகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று பிராகபாவம், அதாவது ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்னிருந்த அதன் இல்லாமை. குயவன் குடத்தை வனையும்வரை குடத்தின் இல்லாமை இருந்துகொண்டிருக்கிறது. குடம் தோன்றியதும் அது முடிகிறது. முன்கூட்டிக் காக்கும் செயல்கள் எதையும் புதிதாகத் தோற்றுவிப்பதில்லை. கேட்டின் பிராகபாவம் முடிந்துவிடாமல் நீட்டித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே.

சரி, இல்லாத ஒன்றை அறிவது எப்படி? குமாரில பட்டர் அதற்கென்றே அனுபலப்தி என்னும் தனிப் பிரமாணத்தை வகுத்தார். பிரபாகரர் அதை ஏற்கவில்லை, அத்வைதிகள் ஏற்றுக்கொண்டனர். இங்கே ஒரு நிபந்தனை உண்டு. தரையில் குடம் இல்லை என்று ஒருவர் அறிய வேண்டுமானால், இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்னும் நிலை இருக்க வேண்டும். குடம் எப்படி இருக்கும் என்றே தெரியாதவர் வெறும் தரையைத்தான் பார்ப்பார். அதுபோல, இறுகிப்போன கொக்கியோடு ஒருமுறை போராடியவர்தான் எளிதாக உருவி வரும் தண்டில் துருவின் இல்லாமையைப் பார்க்கிறார். மற்றவர்கள் ஓர் இரும்புத் துண்டைப் பார்க்கிறார்கள்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கழற்றாமல் விட்டவர், 'நான் ஒன்றுமே செய்யவில்லையே' என்கிறார். அவர் சொல்வதில் உண்மை இல்லையா? துருவை உண்டாக்கியவை இரும்பும் நீரும் காற்றும், விரைவுபடுத்தியது உப்பு. அவருடைய செய்யாமை இவற்றோடு என்ன கலந்தது?

இதே வினா வேறு வடிவில் பழங்காலத்தில் எழுந்ததுண்டு. நித்திய கருமங்களைச் செய்யாவிட்டால் பிரத்யவாயம் என்னும் பாவம் விளையும் என்றனர் கருமவாதிகள். ஆதிசங்கரர் கீதை உரையிலும் தைத்திரீய உபநிடத உரையிலும் இதை மறுத்தார். செய்யாமை என்பது இல்லாமை. இல்லாமையிலிருந்து இருப்பு ஒன்று எப்படித் தோன்றும் என்பது அவருடைய வாதம். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது சோம்பேறியின் விடுதலைப் பத்திரம்போலத் தோன்றக்கூடும். ஆனால் சங்கரர் அத்துடன் நிறுத்தவில்லை. கடமையைச் செய்யாமை பாவத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே சேர்ந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது என்று தைத்திரீய உரையில் விளக்குகிறார். காய்ச்சல் நோயை உண்டாக்குவதில்லை, நோயைத் தெரிவிக்கிறது. அக்டோபரில் கழற்றப்படாத கொக்கியும் அத்தகைய ஓர் அறிகுறி.

கீதையின் நான்காம் அத்தியாயம் செயலின்மைக்குள் செயலைக் காணச் சொல்கிறது. அவ்விடத்தில் சங்கரர் தரும் உவமை மிகப் பொருத்தமானது. படகில் செல்பவருக்குக் கரையிலுள்ள அசையாத மரங்கள் ஓடுவதாகத் தோன்றுகின்றன. வெகுதொலைவில் நடந்து செல்பவர்களோ நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றுகிறார்கள். உவமையின் பிற்பகுதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மெதுவாக நிகழ்வது நிகழாததுபோலத் தெரிகிறது. காரின் பின்னால் அசையாமல் இருக்கும் கொக்கி டிசம்பரிலும் ஜனவரியிலும் சும்மா இருப்பதில்லை. அதை அங்கேயே விட்டுவைத்தவரும் ஒவ்வொரு காலையும் 'இன்றும் இருக்கட்டும்' என்று முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார். அந்த முடிவுக்குச் சொல் வடிவம் இல்லை, அவ்வளவுதான்.

குடும்பங்களில் இது எப்படி நடக்கிறது என்று அறியாதவர் இருக்க முடியாது. தந்தையின் மருத்துவச் செலவைப் பற்றி அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒருநாள் வாக்குவாதம் வருகிறது. கடுஞ்சொல் இரண்டுதான். அன்று மாலையே ஒருவர் மற்றவர் வீட்டுக்குச் சென்றிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். செல்லவில்லை. பகையும் பாராட்டவில்லை. திருமணங்களில் பார்த்துக்கொள்கிறார்கள், 'வாங்க' என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தந்தையின் இறுதிச் சடங்கில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். பேச வேண்டும் என்று இருவருக்கும் தோன்றுகிறது, வாய் வரவில்லை. 'அவனுக்கு நான் ஒரு தீங்கும் செய்ததில்லையே' என்று இருவருமே சொல்வார்கள். இருவரும் சொல்வது உண்மை. இடுக்கில் தங்கிய நீரைத் துடைக்கவில்லை என்பதும் உண்மை.

எல்லாக் கேட்டையும் விழிப்பினால் தடுத்துவிடலாம் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது ஆணவம். ஓஹையோ ஆற்றின்மீது 1928-இல் கட்டப்பட்ட 'சில்வர் பாலம்' 1967 டிசம்பர் 15 அன்று மாலை, வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில் இடிந்து விழுந்தது. 46 பேர் உயிரிழந்தனர். பாலத்தைத் தாங்கிய இரும்புச் சங்கிலியின் ஓர் இணைப்பில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல். அழுத்தமும் அரிப்பும் சேர்ந்து வளர்த்த விரிசல். இணைப்பைப் பிரித்தால் ஒழிய அதைக் காண இயலாது என்று விசாரணையில் தெரிந்தது. பாலம் நின்றுகொண்டிருக்கையில் அதை யார் பிரிப்பார்? சோம்பலைக் குற்றம் சாட்ட அங்கே இடமில்லை. அந்த விபத்துக்குப் பிறகே அந்நாட்டில் பாலங்களை முறையாகச் சோதிப்பதற்கான சட்டம் 1968-இலும், தேசிய விதிமுறைகள் 1971-இலும் வந்தன. கழற்ற இயலாத இணைப்புகளும் வாழ்க்கையில் உண்டு. அவற்றை நினைக்கும்போதுதான், ஓர் ஆணியை உருவினால் கையோடு வந்துவிடும் இணைப்பைக் கழற்றாமல் விடுவது எத்தனை பெரிய வாய்ப்பைத் தவறவிடுவது என்று புரிகிறது.

தட்சிணேசுவரத்தில் தோதாபுரி பதினோரு மாதங்கள் தங்கியிருந்தார். பிரம்மத்தை உணர்ந்த பிறகும் அவர் நாள்தோறும் தியானத்தில் அமர்வதைக் கண்டு ஸ்ரீராமகிருஷ்ணர் காரணம் கேட்டார். தோதாபுரி தமது பளபளக்கும் உலோகப் பாத்திரத்தைக் காட்டி, நாள்தோறும் துலக்காவிட்டால் இது மங்கிவிடாதா என்றார். பாத்திரம் தங்கத்தால் ஆனதாக இருந்தால் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டார். தோதாபுரியும் அதை ஒப்புக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியைப் படித்துவிட்டு, தம் பாத்திரம் தங்கம்தானோ என்று எண்ணுபவர்கள் உண்டு. ஆனால் தங்கத்தால் கொக்கி செய்து யாரும் படகை இழுப்பதில்லை, அது வளைந்துவிடும். சுமையை இழுப்பதற்கு இரும்பு வேண்டும். வயதான பெற்றோரையும் வளரும் பிள்ளைகளையும் தாங்கி நிற்கும் இல்லறத்தாருக்கு அமைந்திருப்பது இரும்பு. உப்புச் சாலையில் அது துருவை ஏற்பது அதன் குறையன்று. சுமக்கும் வலிமையோடு சேர்ந்தே வந்த இயல்பு.

ஏப்ரல் மாதம் பனி விலகியதும் அந்த மனிதர் மீண்டும் காரின் பின்னால் மண்டியிடுகிறார். ரப்பர் மூடியை எடுத்துவிட்டுத் தண்டைச் செருகுகிறார். அது தடையின்றி உள்ளே செல்கிறது. ஆணியை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு படகின் பக்கம் போகிறார். அண்டை வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை.