ஓரறிவுயிரின் நோன்பு



எல்லா உயிர்க்கும் அடைக்கலமாகிய அறத்தை அருளிச்செய்த அருகப்பெருமானின் திருவடிகளை வணங்கி, நம் வீட்டு வாயிலில் நின்று நமக்கு நிழல் தரும் ஓரறிவுயிராகிய மரத்தைப் பற்றி இவ்விதழில் சில சொல்ல முற்படுகின்றோம்.

புதுவை நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் வைத்திக்குப்பம். மாசிமகத்தன்று பல ஊர்களிலிருந்தும் தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கடற்கரை அதுவே. அவ்வூரில் நாம் குடியிருந்த வீட்டு முற்றத்தில் ஒரு வேம்பு இருந்தது. ஆண்டுதோறும் மாசியில் இலையுதிர்த்து, பங்குனியில் தளிர்த்து, சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குப் பூக்கொடுத்து வந்த மரம். 2017ஆம் ஆண்டு அது இலையுதிர்த்தது, தளிர்க்கவில்லை. ஆடி வரை காத்திருந்தோம். கிளையைக் கீறிப் பார்த்தபோது பச்சை எங்கும் இல்லை.

"மழை பொய்த்தது, மரம் பட்டது" என்று சொல்லி நாம் அமைதியடைந்தோம். அது முழு உண்மையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

பெயர முடியாத உயிர்

மண், நீர், தீ, காற்று, மரம் முதலாகிய தாவரம் என்னும் ஐவகை நிலையுயிர்களும் தொடுவுணர்வு ஒன்றே உடையவை என்பது நம் ஆகமத் துணிபு. புல்லும் மரமும் ஓரறிவின என்று தொல்காப்பிய மரபியலும் கூறும். பொன்னூர் மலையில் தவமிருந்தவராக நம் மரபு போற்றும் ஆசாரிய குந்தகுந்தர், நிலையுயிர்கள் வினைப்பயனை நுகரும் உணர்வே உடையவை எனப் பஞ்சாஸ்திகாயத்தில் காட்டுகின்றார். அஃதாவது, வருவதை அவை நுகரும். விலகிச் செல்ல அவற்றால் இயலாது.

இதன் பொருள் வறட்சிக் காலத்தில் நன்கு விளங்கும். வடநாட்டில் பன்னிரண்டாண்டுப் பஞ்சம் வரப்போவதை முன்னறிந்த பத்திரபாகு முனிவர், சங்கத்தாருடன் தெற்கே பெயர்ந்து சிரவணபெளகுளத்தை அடைந்தார் என்பது நம் சங்க வரலாறு. சந்திரகுப்த மௌரியரும் உடன்வந்து அம்மலையிலேயே உயிர்நீத்தார் என்பர். பஞ்சம் வந்தபோது முனிவர் பெயர்ந்தனர், வேந்தரும் பெயர்ந்தார். விலங்கும் பறவையும் நீர் தேடிப் பெயர்ந்திருக்கும். மரம் என்ன செய்திருக்கும்? நின்ற இடத்திலேயே நின்று தாங்கியிருக்கும்.

செறிப்பும் உதிர்ப்பும்

மரம் எவ்வாறு தாங்குகின்றது என்பதைத் தாவர நூலார் ஆராய்ந்து கண்டுள்ளனர். மரத்தின் இலைகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள. அவை திறந்திருக்கும்போதுதான் கரியமில வாயு உட்புகும்; அதைக் கொண்டே மரம் உணவு ஆக்கும். ஆனால் திறந்த அவ்வாயில்கள் வழியே நீரும் ஆவியாக வெளியேறும். வேருக்கு நீர் குறைந்தவுடன் மரம் முதற்கண் அத்துளைகளை மூடுகின்றது. நீர் காக்கப்படுகின்றது, ஆனால் உணவாக்கம் குறைகின்றது. மரம் தான் முன்னர்ச் சேர்த்து வைத்த மாவுப்பொருளைக் கொண்டு உயிர்வாழத் தொடங்குகின்றது. மேலும் வறண்டால், பல மரங்கள் இலைகளையே உதிர்த்துவிடுகின்றன.

தத்துவங்கள் ஏழனுள் செறிப்பையும் உதிர்ப்பையும் கற்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. வினை வரும் வாயிலை அடைப்பது செறிப்பு. சேர்ந்த வினையைக் கழிப்பது உதிர்ப்பு. மனமில்லாத மரம் செய்வது விரதமாகாது. இஃது உவமை அளவே. ஆயினும், வாயிலை மூடி, உடைமையை உதிர்த்து, இருப்பதைக் கொண்டு அமையும் அந்நிலையைக் காணும்போது, மனம் படைத்த நாம் ஒருவேளை உணவைக் குறைக்கவும் தயங்குவதை எண்ணி நாணுகின்றோம்.

இந்த நோன்பிற்கும் ஓர் எல்லை உண்டு. வேரிலிருந்து இலை வரை நீர் அறுபடாத இழையாக ஏறுகின்றது. வறட்சி மிகும்போது அவ்விழையினுள் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துபோகும். அறுந்த குழாய்கள் பலவானால் கிளை காயும், மரம் மடியும். துளைகளை நெடுநாள் மூடியே வைத்திருக்கும் மரம் சேமித்த உணவு தீர்ந்து மெலியும். மெலிந்த மரத்தை வண்டும் பூசணமும் எளிதில் வெல்லும். இவற்றோடு, உலகின் வெப்பமும் ஏறிவருகின்றது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏற்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். எனவே அதே அளவு மழை பெய்தாலும், வெம்மை மிகுந்த ஆண்டில் காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் மிகுதியாக நீரை வாங்கிக்கொள்கின்றது. நோன்பு அதுவே, வெயில் அதுவன்று.

நம் கரையின் காடு

சோழமண்டலக் கரைக்கே உரிய காடு ஒன்று உண்டு. ஆண்டில் ஆறு மாதத்திற்கு மேல் மழை அரிதான நிலத்திலும் பசுமை மாறாது நிற்பதால் அதனை வறண்ட பசுமைமாறாக் காடு என்பர். பாலை, வீரை, காசா, காட்டு எலுமிச்சை முதலிய மரங்கள் அங்கு வளர்வன. இவற்றின் இலைகள் சிறியன, தடித்தன, தோல் போன்றன; உதிர்க்காமலே நீரைக் காக்க வல்லன. ஐப்பசி கார்த்திகை மழையை வாங்கி, அடுத்த ஐப்பசி வரை அளந்து செலவிடும் மரங்கள் அவை.

அக்காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. புதுவைக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் ஒன்று. வேலியாலும் காவலாலும் மட்டும் அது பிழைத்ததன்று. கோயில் காட்டில் கோடரி வைத்தலாகாது என்ற ஊராரின் கட்டுப்பாட்டாலும் பிழைத்தது. வழிபடும் தெய்வம் வேறாயினும், மரத்திற்கு அபயம் அளித்த அவர்தம் கட்டுப்பாட்டை நாம் போற்றுதல் வேண்டும்.

1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அச்செம்மண் மேடு மரமற்று, மழைநீர் அரித்த பள்ளங்களாகக் கிடந்தது. அங்கு மரம் வளர்க்க முனைந்தோர் கன்று நடுவதோடு நில்லாது, மண்கரை எழுப்பி, பெய்த மழை ஓடிவிடாமல் நிலத்துள் இறங்கச் செய்தனர். இன்று அங்குக் காடு நிற்பதை நாம் காண்கின்றோம். மண்ணுக்கு நீர் கொடுத்த பின்னரே மரம் நிலைக்கும் என்பது அவர்கள் செயலால் காட்டிய பாடம்.

ஆழத்து நீரும் முதுமலை மரங்களும்

ஆழ வேரூன்றிய மரம் வறட்சிக்கு அஞ்சாது என்பது நம்மில் பலருடைய எண்ணம். அவ்வெண்ணத்தைத் திருத்தும் செய்தி நீலகிரியின் அடிவாரமாகிய முதுமலைக் காட்டிலிருந்து வந்துள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் அங்கு 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, மரங்களுக்கு எண்ணிட்டு, எது வளர்ந்தது, எது மடிந்தது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகின்றனர். இருபதாண்டுக் கணக்கைக் கொண்டு, அக்காட்டில் மிகுந்து காணும் 12 வகை மரங்கள் எந்த ஆழத்திலிருந்து நீர் பெறுகின்றன என்று மதிப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது.

அதன் முடிவு வியப்பளிப்பது. ஒரே காட்டில் அருகருகே நிற்கும் மரங்களும் ஒரே வறட்சியை நுகர்வதில்லை. மேல்மண் நீரை நம்பிய மரங்கள் ஒரு மழை குறைந்தால் வாடும். அடுத்த மழையில் தேறும். ஆழத்து நீரை நம்பிய மரங்கள் ஓராண்டு வறட்சியை உணர்வதே அரிது. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து மழை குறைந்தபோது மிகுதியாக மடிந்தவை ஆழத்து நீரை நம்பிய மரங்களே! ஏனெனில், மேல்மண் ஒரு மழையில் நனைந்துவிடும். ஆழத்து இருப்பு ஒருமுறை தீர்ந்தால், அது மீண்டும் நிறைய நெடுங்காலம் ஆகும்.

அன்பர்களே, இதனைச் சற்றே சிந்தியுங்கள். முன்செய்த நல்வினையின் இருப்பில் வாழ்பவன், இருப்பு உள்ளவரை குறையொன்றும் உணர்வதில்லை. தீரும் நாள்வரை அவனுக்கு எச்சரிக்கையும் இல்லை. ஆழம் என்பது காவல் அன்று. நிரப்பப்படும் ஆழமே காவல்.

நாம் செய்த பிழை

இப்போது நம் வேம்பிற்கு வருவோம். அது படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் முற்றம் சேறாகின்றதென்று சுவர் முதல் சுவர் வரை சிமெண்டுத் தளம் இட்டவர்கள் நாமே. மரத்தைச் சுற்றி ஒரு முழம் மண்ணும் விட்டோமில்லை. மாடியில் விழுந்த மழைநீரைக் குழாய் வைத்துத் தெருச் சாக்கடைக்கு அனுப்பியவர்களும் நாமே. கிணற்று நீர் இறங்கியதும் ஆழ்துளைக் கிணறு இறக்கி, அம்மரத்தின் வேர் தேடிய நீரையே விசைப்பம்பால் மேலே ஏற்றியவர்களும் நாமே. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் புதுவையிலும் சராசரியில் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது; 2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. வானம் கொடாதது ஓராண்டு. நாம் மண்ணுக்குக் கொடாதது பல ஆண்டு.

மரத்தின் மீது நாம் கோடரி வைக்கவில்லை. கொல்லா விரதியர் என்றே நம்மைக் கருதியிருந்தோம்.

இலேசியைகளை விளக்கும் ஆறு மனிதர் கதையை நீங்கள் அறிவீர்கள். நாவல் மரத்தைக் கண்ட அறுவருள் முதலாமவன் வேரோடு வீழ்த்தக் கருதினான், அடுத்தவன் அடிமரத்தை, பின்னவன் பெருங்கிளையை, நான்காமவன் சிறு கொம்பை, ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிக்கக் கருதினான். ஆறாமவன் தானே உதிர்ந்த பழம் போதும் என்றான். கருமை முதல் வெண்மை வரை அவர்தம் எண்ணத்தின் நிறம் வேறுபட்டது. இக்காலத்தில் ஏழாமவன் ஒருவன் தோன்றியிருக்கின்றான். அவன் மரத்தைத் தொடுவதே இல்லை. உதிர்ந்த பழத்தையும் எடுப்பதில்லை. மரத்தின் அடியிலுள்ள நீரை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் கை தூயதென்று எண்ணுகின்றான். அவனுடைய நிறம் யாது? அந்த ஏழாமவன் நாமே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அருங்கலச்செப்பு போன்ற நம் ஒழுக்க நூல்கள், பயனின்றி நிலத்தைக் கிளறல், நீரை வீணாக்கல், மரஞ்செடிகளைச் சிதைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன. பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகும் அவ்விரதத்தில், கவனமின்மையே குற்றமாக எண்ணப்படுகின்றது. நமது குற்றமும் அதுவே.

காலத்தின் மேல் பழியோ?

"இஃது அவசர்ப்பிணியின் ஐந்தாம் காலம், வெம்மை ஏறுவதும் வளம் குன்றுவதும் காலத்தின் இயல்பு, நாம் செய்வதற்கு என்ன உண்டு?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார். காலச்சக்கரம் சுழல்வது மெய்யே. ஆனால் போகபூமியின் கற்பகத் தருக்கள் மறைந்து மக்கள் திகைத்து நின்றபோது, விருஷபதேவர் "காலத்தின் இயல்பு இது" என்று கூறி வாளா இருந்தாரல்லர். உழவு முதலிய அறுதொழிலையும் கற்பித்து வாழவைத்தார். வினையை ஊழென்று கிடப்பவர்க்குச் சமணம் எதற்கு? முயற்சியால் வினை கெடும் என்பதன்றோ நம் நெறி!

எடுத்த இடத்திலேயே இடுக

நீரை வடிகட்டிப் பருகுவது நம் குலவழக்கம். அவ்வழக்கத்தின் பிற்பாதியைப் பலரும் மறந்துவிட்டோம். வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல மீண்டும் விடவேண்டும் என்பது முன்னோர் விதித்த முறை. எடுத்த இடத்திற்கே திரும்பக் கொடுத்தல் என்னும் உயரிய அறம் அதனுள் அடங்கியுள்ளது. கயிறும் குடமும் போய்ப் பம்பு வந்தபின் அம்முறை நழுவியது. உயிரையும் திருப்பவில்லை; நீரையும் திருப்பவில்லை. கடலோரத்தில் நன்னீர் குறையும்போது உவர்நீர் உட்புகும் என்பதைப் புதுவைக் கரையோரத்தார் அறிவர். உவர் ஏறிய மண்ணில் மரத்தின் நோன்பு மேலும் கடிதாகும்.

ஆகவே, இல்லறத்தார் எவர்க்கும் இயலும் சில உறுதிகளை இங்கு வைக்கின்றோம். மரத்தைச் சுற்றித் தளத்தைப் பெயர்த்து, இயன்ற அளவு அகலமாக மண்ணைத் திறந்துவிடுக. மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடைக்கு விடாது, குழி வெட்டி மணலும் கல்லும் இட்டு நிலத்துள் இறக்குக. உதிர்ந்த சருகைக் கொளுத்தாது மரத்தடியிலேயே மூடாக்காக இடுக. தீயினால் மடியும் உயிர்களும் பிழைக்கும், மண்ணின் ஈரமும் நிற்கும். புதிதாக நடுவோர் இக்கரைக்குரிய மரங்களையே பருவமழைத் தொடக்கத்தில் நடுக. பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வது போல, நாள்தோறும் எடுக்கும் நீருக்கும் ஓர் அளவு வகுத்துக்கொள்க.

பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளித் திருநாள், நம் நாட்டில் பருவமழை தொடங்கும் வேளையில் வருகின்றது. விளக்கேற்றும் முன் வீட்டைச் சுற்றி வந்து, வரும் மழைக்கு வழி திறந்துள்ளதா என்று பார்ப்பதை அந்நாளின் கடமையாகக் கொள்வோம்.

நாம் வைத்திக்குப்பத்து முற்றத்தில் தளத்தைப் பெயர்த்துவிட்டோம். வேம்பு நின்ற இடத்தில் இப்போது ஒரு நாவற்கன்று நிற்கின்றது. பட்ட மரத்திற்கு அது ஈடாகாது. ஒரு பிழைக்குக் கழுவாயாக மட்டுமே அதனை வளர்த்து வருகின்றோம். அதன் பழத்தை உண்போர் யாரோ அறியோம். அதன் வேருக்கு நீர் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் அறிவோம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அறம் வளர்க!