மனப்பாடமாக ஒரு நம்பர்

காஞ்சிபுரத்தில் ஒரு வேலை. முடித்துக்கொண்டு ராத்திரி எட்டு மணி வாக்கில் பூந்தமல்லி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சுங்குவார்சத்திரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் ஏறினார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் பை, கண்ணில் தூக்கம். ஓவர்டைம் பார்த்துவிட்டு கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போலிருக்கிறது. முன் ஸீட்டில் உட்கார்ந்த பெண் திரும்பி, "சார், ஒரே ஒரு கால் பண்ணிக்கட்டுமா? என் போன்ல சார்ஜ் இல்ல" என்றாள்.

கொடுத்தேன். யோசிக்காமல் பத்து எண்களையும் அழுத்தினாள்.

"ஏய், நான்தான். வேற ஒருத்தர் போன்ல பேசறேன். கெளம்பிட்டியா? சாவிய பக்கத்து ரூம் அக்காகிட்ட குடுத்துட்டுப் போ. சோத்துல கொழம்ப ஊத்தி வைக்காத, தனியா வையி."

அவ்வளவுதான் பேச்சு. போன் என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் அந்தப் பத்து எண்கள்தான். இந்தக் காலத்தில் யாருக்கு யாருடைய நம்பர் மனப்பாடம்? என் நம்பர் எனக்குத் தெரியும். 1990-களில் வீட்டில் இருந்த லேண்ட்லைன் நம்பர்கூட ஞாபகம் இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்கத்தான் ஆளில்லை. மனைவியின் நம்பர் ஒன்பதில் ஆரம்பிக்கும் என்பதுவரை அடித்துச் சொல்வேன். (இந்த வாரம் வீட்டுக்குப் பத்திரிகை வராமல் இருந்தால் நல்லது.)

"யாரும்மா அது, தங்கச்சியா?"

"ரூம்மேட்டு சார். ஒரே ரூமுதான், ஆனா பாத்துக்கறதே இல்ல. எனக்குப் பகல் ஷிஃப்ட், அவளுக்கு நைட். இப்பக்கூட அவ பஸ்ஸு எதிர்ல போகும். எல்லாம் வாட்ஸ்அப்லயே ஓடுது."

"அப்புறம் எதுக்கு நம்பரை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கே?"

"லைனுக்குள்ள போன் எடுத்துட்டுப் போக முடியாது சார். லாக்கர்ல வெச்சிரணும். ஏதாச்சும் ஒண்ணுன்னா யார் போன்லருந்தாவது கூப்பிடணும்ல?"

அவள் பார்ப்பது செல்போனுக்குப் பாகங்கள் பொருத்தும் வேலை. ஊருக்கெல்லாம் போன் செய்பவள், தன் போனைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போகிறாள். இந்த வட்டாரத்துக்கு இது புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா வந்தது. 'கனெக்டிங் பீப்பிள்' என்பது அவர்கள் வாசகம். ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றபோது அவர்களுடைய கனெக்‌ஷன் என்ன ஆயிற்று என்று எத்தனை பேர் கேட்டோம்?

விஷயத்துக்கு வருகிறேன். ஃபேஸ்புக்கில் ஒருவர் 5,000 நண்பர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். ராபின் டன்பர் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர், மனித மூளையால் உருப்படியாகப் பராமரிக்க முடிகிற உறவுகள் சுமார் 150 என்று 1990-களில் கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டால், பாக்கி 4,850 பேர் யார்?

போலிப் பெயரில் வந்து ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிப்பது ஒருவகையில் சுலபம். கொஞ்ச நாளில் பணம் கேட்பான். நிஜப் பெயரும் நிஜப் போட்டோவுமாக வந்து, தினம் 'குட்மார்னிங்' அனுப்பி, நமக்கு ஒன்று என்றால் எட்டிக்கூடப் பார்க்காதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்வது அதைவிடக் கஷ்டம். எனக்கு அது தெரியவந்தது 2021 டிசம்பரில். அதுவும் இதே சுங்குவார்சத்திரத்தை வைத்து.

ஞாபகம் இருக்கும். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு சிகிச்சை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி போன் போனாகப் பரவியது. அது பொய் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால், இரண்டு நாள் கழித்தும் உடம்பு சரியில்லாமல் போன பெண்களில் சிலர் வேலைக்கு வரவில்லை. பக்கத்தில் நின்று வேலை பார்த்தவளைக் காணோம். டிசம்பர் 17 ராத்திரி, மார்கழிப் பனியில், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த மெசேஜ் எனக்கும் வந்தது. நான் என்ன செய்தேன்? கைகூப்பும் படம் இரண்டு, அழுகிற முகம் ஒன்று சேர்த்து, மூன்று குரூப்புகளுக்கு அனுப்பினேன். 'கொடுமை' என்று நாலு பேர் பதில் போட்டார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் பெயர் என்ன, எந்த ஆஸ்பத்திரி, யாராவது விசாரித்தார்களா... ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சமுதாய அக்கறை உள்ள மனிதனாக என்னைப் பற்றி எனக்கே ஒரு திருப்தி. பத்து நிமிஷத்தில் அடுத்த மெசேஜ், ஏதோ ஜோக். சிரித்தேன் என்றும் ஞாபகம்.

இதை யோசித்துப் பாருங்கள். அதே பொய்தான் அவர்கள் போனிலும் வந்தது. அவர்களும் நம்பினார்கள், அவர்களில் பலர் ஃபார்வர்டும் செய்திருப்பார்கள். ஆனால், அவர்களுக்கு அது ஒரு முகம். தலைமாட்டில் பாய் போட்டுப் படுத்தவள். (ஒரு அறையில் ஆறிலிருந்து முப்பது பேர்வரை, தரையில் படுத்தோம் என்று ராய்ட்டர்ஸ் நிருபர்களிடம் சில பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.) 'அவள் எங்கே?' என்ற ஒரு கேள்விக்காக வேலை போகலாம், போலீஸ் வரலாம், ஊரில் அப்பா அம்மாவுக்குத் தகவல் போகலாம். எல்லாம் தெரிந்துதான் ரோட்டில் உட்கார்ந்தார்கள். என்னுடைய ஃபார்வர்டுக்கு ஆன செலவு, கட்டை விரலின் ஒரு அசைவு.

வதந்தியை நான் நியாயப்படுத்தவில்லை. பொய் பொய்தான். ஆனால், தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்ததும், 2022 ஜனவரி 12 வரை ஆலை மூடிக் கிடந்ததும் அந்த ராத்திரிக்கு அப்புறம்தான். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி சிப்காட் பெரிய குடியிருப்பு கட்டித் திறந்தது. என் மூன்று குரூப்புகளால் ஒரு பாய்கூட மாறவில்லை.

சரி, அப்படியானால் நேரில் பழகுவதுதான் நட்பு, போனில் பழகுவதெல்லாம் போலி என்று முடித்துவிடலாமா? அரிஸ்டாட்டில் கிட்டத்தட்ட அந்தக் கட்சி. சேர்ந்து உட்கார்ந்து உப்பைத் தின்று தீர்க்காமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்கிற பழமொழியை எடுத்துச் சொல்கிறார். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். நம்மிடம் பிசிராந்தையார் இருக்கிறாரே! பாண்டிய நாட்டுப் புலவருக்கும் உறையூர்ச் சோழனுக்கும் முகப்பழக்கமே கிடையாது. உப்பும் தின்னவில்லை, ஒன்றும் தின்னவில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தைக்கு ஒரு இடம் வையுங்கள் என்றான். சுற்றியிருந்தவர்கள், பார்க்காத ஆள் எங்கே வரப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள். வந்தார். பொத்தியார் என்கிற புலவர் அதைக் கண்டு வியந்துபோய் எழுதியது புறநானூற்றில் இருக்கிறது.

பார்க்காமல் இருந்தது அந்த நட்புக்குக் குறையாகவில்லை. வேண்டிய நேரத்தில் அவர் எழுந்து நடந்தார், அதுவும் பிசிரிலிருந்து உறையூருக்கு. என் பஸ் பெண்ணும் அவள் அறைத்தோழியும் வாரக்கணக்கில் பார்த்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பிலேயே குழம்பு தனியாக வைக்கப்படுகிறது. இதைப் போலி என்று யார் சொல்ல முடியும்?

அந்தப் பெண் செம்பரம்பாக்கத்தில் இறங்கிப் போனாள். நான் பூந்தமல்லியில் இறங்கி, ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்பார்கள் என நினைத்து வேண்டாவெறுப்பாக எடுத்தேன்.

"சார், சாரி சார். கொஞ்சம் முன்னாடி உங்க போன்லருந்து ஒரு பொண்ணு பேசுச்சில்ல..."

"ஆமாம்மா."

"அது எறங்கிருச்சா சார்? நான் கம்பெனி வாசல்ல நிக்கறேன். இப்ப லாக்கர்ல போன வெக்கணும், அதுக்குள்ள கேட்டுரலாம்னு..."

"இறங்கிட்டாங்கம்மா. செம்பரம்பாக்கத்துல. கூட ரெண்டு பொண்ணுங்க இறங்கினாங்க."

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெயர் கேட்கவில்லை. நம்பரை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.